பெயிண்ட் மாற்றிய படகு

2017 ஜூலை 4, செவ்வாய்க்கிழமை காலை. ஜி.எஸ்.டி. வந்து நாலாவது நாள். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மாடியறையில், இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு, பில் போடும் மென்பொருளின் புதிய பதிப்பை ஒவ்வொரு கடைக்கும் இணையம் வழியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவான கடைகள். பாதி புதுவை, பாதி கடலூர். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம்தான், ஆனால் மாநிலம் வேறு. நெல்லித்தோப்பிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு ஒரு பெட்டி ஆணி போனாலும் அது ஐ.ஜி.எஸ்.டி., மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான தனி வரி. இந்த ஒரு கணக்கைப் பிழையில்லாமல் பிரிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அது முடிந்து நிமிர்ந்த நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணன்.

"தம்பி, ஒன் சாப்ட்வேர வைரஸ்னு புடிச்சி ஜெயில்ல போட்டுடுச்சு. பில்லு போட முடியல. ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் கடையில் இருந்த ஆன்டிவைரஸை விற்றது நானேதான். அதனால் அலட்டிக்கொள்ளவில்லை. "அது தப்பா புடிச்சிருக்கும்ணே, வெளிய எடுத்துடலாம்" என்றேன். வைத்த ஐந்தாவது நிமிடம் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மளிகைக் கடை. அப்புறம் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலிருந்து ஒரு துணிக்கடை. பத்து மணிக்குள் நாலாவது. நாலு கடையிலும் நாலு வேறு பிராண்ட் ஆன்டிவைரஸ். நாலும் என் மென்பொருளை டிரோஜன், அதாவது நல்ல நிரல் வேடத்தில் வரும் கெட்ட நிரல், என்றன. பெயர்களைச் சொல்லப்போவதில்லை, எல்லாமே கடைகளில் பெட்டியாகத் தொங்கும், உங்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான்.

பஸ் பிடித்துக் கடலூர் போனேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், பெண்ணையாற்றுப் பாலம் என்று வழக்கமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும் பாதை. அன்றைக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கணினியிலேயே ஏதாவது புகுந்து, நான் தொகுத்து அனுப்பிய கோப்பில் ஒட்டிக்கொண்டு, அறுபது கடைக்கும் நானே நோயைப் பரப்பிவிட்டேனோ? மென்பொருளை டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதியிருந்தேன். சில வருடங்களுக்கு முன், 2009-ல், டெல்ஃபி நிரலாளர்களின் கணினியில் புகுந்து, அவர்கள் தொகுக்கும் ஒவ்வொரு நிரலிலும் தன்னை ஏற்றி அனுப்பிய இண்டக் என்ற வைரஸ் நினைவுக்கு வந்தது. வயிற்றைக் கலக்கியது.

கடையில் அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கார்பன் காகிதம் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஒருத்தன் சொன்னா பொறாமைன்னு வுட்டுடலாம். நாலு பேரு சொன்னா என்ன தம்பி பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. நாலு பேர் சொல்வதற்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை எனக்கும் பழக்கமானதுதானே.

ஒரே எண்

மதியம் அவர் கடை மேசையிலேயே உட்கார்ந்து என் கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றினேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு கோப்பைக் கொடுத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்களிடம் காட்டி, ஒவ்வொன்றும் என்ன சொன்னது என்று பட்டியல் போடும் தளம். 2004-ல் ஸ்பெயினின் மாலகாவில் தொடங்கியது, 2012-ல் கூகுள் வாங்கிக்கொண்டது. என் கோப்புக்கு ஒன்பது சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை.

முதலில் அந்த ஒன்பது என்ற எண்ணைத்தான் வெறித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டீ வாங்கி வரச் சொல்லி, அது வந்து, ஆறியும் போனது. அப்புறம்தான் பிராண்ட் பெயர்களை விட்டுவிட்டு, அவை என் கோப்புக்குச் சூட்டியிருந்த வைரஸ் பெயர்களைப் படித்தேன். இரண்டு, 'சந்தேகத்துக்குரியது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தன. மீதி ஏழும் ஒரே பெயர். பெயர் ஒன்றாக இருந்தால்கூடத் தற்செயல் எனலாம், டிரோஜன் என்பது எல்லோரும் சொல்கிற வார்த்தை. ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட எண் இருந்தது. அந்த எண்ணும் ஏழு இடத்தில் கடைசி இலக்கம்வரை அச்சு அசலாக ஒன்றே. ஏழு பேர் தனித்தனியாகப் பார்த்து ஏழு முடிவுக்கு வந்திருந்தால் எண் எப்படி ஒன்றாகும்? தேர்வு அறையில் ஏழு பையன்கள் ஒரே விடையை எழுதினால் நன்றாகப் படித்தவர்கள் என்று நினைக்கலாம். ஏழு பேரும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழையைச் செய்திருந்தால் வாத்தியார் என்ன நினைப்பார்?

நாலு கடையில் இருந்த நாலு பிராண்டும் அந்த ஏழுக்குள் இருந்தன. அதாவது அன்று காலையிலிருந்து என்னைக் குற்றம் சொன்ன நாலு பேரும் ஒரே ஆள். நாலு சட்டை போட்டுக்கொண்டு நாலு வாசல் வழியாக வந்திருக்கிறான்.

நிம்மதிதான். ஆனால் அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. பட்டியலில் அந்த ஏழில் இரண்டு பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, அண்ணன் கடையில் அப்போது இருந்தது. இன்னொன்று, அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் கணினியிலிருந்து நான் பிடுங்கி எறிந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எஞ்சினை விற்பவர்கள்

ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எஞ்சினை வாங்கி விற்கும் விஷயம் அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ரகசியமே இல்லை. எஞ்சின் என்றால் கோப்பைத் திறந்து, சுருட்டப்பட்டிருந்தால் விரித்து, உள்ளே இருப்பதை, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் ஒரு போலிக் கணினிக்குள் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்து, 'இது கெட்டது' என்று முடிவு சொல்லும் பகுதி. நாம் பார்க்கும் பச்சை டிக், சிவப்பு எச்சரிக்கை, உரிமம் முடியப்போகிறது என்று நச்சரிக்கும் ஜன்னல் எல்லாம் அதற்கு மேல் போட்ட மேல்பூச்சு. எஞ்சினை மட்டும் ஒரு நிரலாளர் தொகுப்பாகக் கட்டி இன்னொரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கலாம். அவர்கள் தங்கள் பெயரில் பெட்டி போட்டு விற்கலாம்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் இருக்கும் பிட்டிஃபெண்டர் இந்த வியாபாரத்தில் பெரிய கை. ஜெர்மனியின் ஜி டேட்டா, நியூசிலாந்தில் பதிவான எம்சிசாஃப்ட், பின்லாந்தின் எஃப்-செக்யூர் என்று பலர் வெவ்வேறு காலங்களில் அதன் எஞ்சினைத் தங்கள் பொருளுக்குள் வைத்திருக்கிறார்கள். எஃப்-செக்யூர் அதற்கு முன் கேஸ்பர்ஸ்கியின் எஞ்சினோடு ஓடியது. பின்னாளில் அவிராவுக்கு மாறியது. வெளியே பெயர் மாறவே இல்லை. ஜி டேட்டா ஒரு காலத்தில் இரண்டு வெளி எஞ்சின்களை ஒரே பெட்டியில் வைத்து, அதையே பெருமையாக விளம்பரமும் செய்தது. எம்சிசாஃப்ட் இன்னும் நேர்மை: பிட்டிஃபெண்டர் எஞ்சின் பிடித்ததற்கு, பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'பி' என்று போட்டுவிடும். கடன் வாங்கிய பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்குமே, அந்த மாதிரி.

ஒரேயடியாக விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. 1998-ல் டாக்டர் சாலமன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மெக்காஃபி கைக்கு வந்தபோது, மெக்காஃபி தன் பழைய எஞ்சினை ஓரங்கட்டிவிட்டு வாங்கியதைப் பொருத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2003-ல் ருமேனியாவின் ஜிகேட் நிறுவனத்திடமிருந்து ஆர்.ஏ.வி. என்ற ஆன்டிவைரஸின் தொழில்நுட்பத்தை வாங்கி, அந்தப் பொருளையே நிறுத்திவிட்டது. லினக்ஸ் மின்னஞ்சல் சர்வர்களில் அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. சென்னையின் கே7 நிறுவனம் சொந்தமாக எஞ்சின் எழுதுகிறது. அந்த எஞ்சின் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் பெயரில், 'வைரஸ் செக்யூரிட்டி' என்ற பெட்டியில் வெகுகாலம் விற்றது. டோக்கியோவில் பெட்டியைக் கடையில் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே ஓடுவது சென்னைச் சரக்கு என்று தெரிந்திருக்கும்? இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சின்னப் பெருமை வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ஆக, எஞ்சினைப் பகிர்வது தன்னளவில் மோசடி என்று நான் நினைக்கவில்லை. ஏ.வி.-டெஸ்ட் என்ற ஜெர்மன் ஆய்வகத்தின் கணக்குப்படி நாளொன்றுக்கு 4,50,000-க்கு மேல் புதிய கெட்ட நிரல்கள் பதிவாகின்றன. அதைத் தனியாகப் பார்க்க ஆய்வகம் வேண்டும், ராத்திரி முறை பார்க்கும் ஆட்கள் வேண்டும், உலகம் முழுக்க மாதிரிகள் வந்து சேரும் வழி வேண்டும். முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் அதைச் சொந்தமாகச் செய்கிறேன் என்றால்தான் பயப்பட வேண்டும்.

பகிர்வதன் மறுபக்கம் 2010 மார்ச்சில் தெரிந்தது. பிட்டிஃபெண்டரின் ஒரு தவறான அப்டேட், 64 பிட் விண்டோஸின் சொந்தக் கோப்புகளையே டிரோஜன் என்று பிடித்து உள்ளே போட்டது. பல கணினிகள் எழுந்திருக்கவே இல்லை. அதே நாளில் புல்கார்டு என்ற இன்னொரு பிராண்டை வைத்திருந்தவர்களின் கணினிகளும் படுத்தன. காசு கொடுத்து வேறு கடையில் வாங்கியவர்கள்தான். ஆனால் எஞ்சின் அதுவேதான்.

கியர் பாக்ஸ்

இதையெல்லாம் அன்றே நான் முழுசாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். "அண்ணே, இந்தக் கம்பெனிங்க வேற வேற பேருன்னாலும் உள்ள இஞ்சின் ஒரே எடத்துல வாங்குறாங்க" என்று தொடங்கினேன். நான் முடிக்கவே இல்லை.

"இதுக்கா இவ்ளோ சுத்துன?" என்று வெளியே கை காட்டினார். அவர் கடையிலிருந்து பார்த்தால் உப்பனாற்றில் விசைப்படகுகள் நிற்பது தெரியும். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்றில் மாதா படம், ஒன்றில் முருகன் வேல், ஒன்றில் கட்சிக்கொடி. "அதோ நிக்குதே, அதுல முக்காவாசிக்கு ஒரே லாரி இஞ்சின்தான். கடலுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சிருக்காங்க. பேரு அவுங்க அவுங்க புள்ள பேரு. பெயிண்ட் அவுங்க அவுங்க இஷ்டம். நாசில் போச்சுன்னா எல்லாரும் எங்கிட்டதான் வருவான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமாக எஞ்சின் என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே, எஞ்சின் விற்கும் மனிதரிடம் அதை விளக்கத் தயங்கியிருக்கிறேன்.

அவர் நிறுத்தவில்லை. "ஆனா ஒண்ணு. இஞ்சின் ஒண்ணுன்னு எல்லா போட்டும் ஒரே மாதிரி ஓடாது. கியர் பாக்ஸ் வேற, பிராப்பளர் வேற. ஓட்டுறவன் வேற. அதே இஞ்சின்ல ஒருத்தன் முன்னால போவான், ஒருத்தன் டீசல குடிச்சிட்டு நிப்பான்." இதைத்தான் பல தொழில்நுட்பக் கட்டுரைகள் சுற்றி வளைத்துச் சொல்கின்றன. ஒரே எஞ்சினை வைத்திருக்கும் இரண்டு பொருள்கள் ஆய்வகச் சோதனையில் ஒரே மதிப்பெண் வாங்குவதில்லை. அடையாளப் பட்டியல் உரிமம் வாங்கியவரிடம் சில மணி நேரம் தாமதமாகப் போகலாம். எஞ்சினைக் கொடுத்தவர் தன்னுடைய மேகக் கணிப்பையும் (இணையம் வழியாகத் தன் சர்வரில் கேட்டுப் பார்ப்பது) நடத்தைக் கண்காணிப்பையும் (ஓடும் நிரல் என்ன செய்கிறது என்று கவனிப்பது) கொடுக்காமல் தன் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். வாங்கியவர் அதற்குமேல் சொந்தமாக ஒரு நல்ல அடுக்கு போட்டிருக்கலாம், அல்லது விளம்பர ஜன்னல்களை மட்டும் போட்டிருக்கலாம்.

என் மென்பொருளை ஏன் பிடித்தது என்ற கேள்விக்கும் அன்றே விடை கிடைத்துவிட்டது, தப்பு பாதி என் மேல். பார்கோடு ஸ்கேனர் அனுப்பும் எண்களை எந்த ஜன்னல் திறந்திருந்தாலும் பிடிப்பதற்காக, விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் ஒரு துண்டு வைத்திருந்தேன். கடவுச்சொல் திருடும் நிரலும் அதைத்தான் செய்யும். மெதுவான இணைப்பில் சீக்கிரம் இறங்கட்டும் என்று கோப்பை யு.பி.எக்ஸ். கொண்டு சுருக்கியிருந்தேன். வைரஸ் எழுதுபவர்களுக்கும் அது பிடித்த கருவி. தானாகவே இணையத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கி நிறுவும் வசதி வேறு. நிரலை வெளியிட்டது யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கக் காசு செலவழிக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, ராத்திரியில், ஏணியோடு நடந்து போனால் போலீஸ் நிறுத்தத்தான் செய்யும்.

பக்கத்து இலை

அன்று இரவே எல்லோருக்கும் கோப்பை இணைத்து முறையீடு அனுப்பினேன். ஏழில் ஒருவர், எஞ்சின் கொடுத்தவர் திருத்தினால் எங்களிடமும் தானாகச் சரியாகும் என்று வெளிப்படையாகவே எழுதினார். மற்றவர்கள், உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்பதோடு சரி. மூல நிறுவனம் வியாழக்கிழமை திருத்தியது. வெள்ளி மாலைக்குள் ஏழு சிவப்பும் ஒவ்வொன்றாகப் பச்சையாகிவிட்டன. வரிசையாக வீட்டு விளக்குகள் அணைவது போல இருந்தது, ஒரே ஃப்யூஸில் இருந்த விளக்குகள்.

ஆனால் புதன்கிழமை ஒன்று நடந்தது. ஒன்பது சிவப்பு பதினொன்றாகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த இருவரும் சொந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள், யாரிடமும் உரிமம் வாங்காதவர்கள், செவ்வாய்க்கிழமை என்னைச் சுத்தம் என்று சொன்னவர்கள். கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை. ஒரே நாளில் அவர்களுக்கு என்ன தெரிந்துவிட்டது? நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் ஒன்பது சிவப்பு இருப்பதைப் பார்த்துத் தாங்களும் சிவப்புப் போட்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஏழும் அணைந்த பிறகும் இந்த இரண்டும் பத்து நாளுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தன. உரிமம் வாங்கியவனுக்குத் திருத்தம் வந்து சேரும். காப்பியடித்தவனுக்கு வராது.

இப்படி நடக்கும் என்று 2010-லேயே கேஸ்பர்ஸ்கி காட்டியிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். தீங்கில்லாத இருபது கோப்புகளைத் தயாரித்து, அவற்றில் பத்தை மட்டும் தங்கள் பொருளில் வேண்டுமென்றே வைரஸ் என்று குறித்துவிட்டு, இருபதையும் வைரஸ்டோட்டலில் ஏற்றினார்கள். பத்து நாளில், பொய்யாகக் குறிக்கப்பட்ட அந்தக் கோப்புகளை 14 நிறுவனங்கள்வரை வைரஸ் என்றன. குறிக்கப்படாத பத்தை விட்டுவிட்டன. போட்டியாளர்களைச் சங்கடப்படுத்தச் செய்த காரியம் என்று சொல்லலாம், சொன்னார்கள். 2016 மே மாதம் வைரஸ்டோட்டலும் விதியை இறுக்கியது: மற்றவர்கள் முடிவைத் தானியங்கியாக எடுத்துக்கொள்ள விரும்பும் நிறுவனம், தன் ஸ்கேனரையும் பொதுப் பட்டியலில் வைக்க வேண்டும். சாப்பிட வருகிறவன் தன் பங்குக்கு ஏதாவது கொண்டுவரட்டும் என்பதுபோல. அதனால் பக்கத்து இலையைப் பார்க்கும் பழக்கம் நின்றுவிட்டதா என்றால், என் கோப்பு சிவந்தது அதற்கு அடுத்த வருடம்.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. 2005-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சைபாரி நிறுவனத்தின் மின்னஞ்சல் காவல் மென்பொருள், வெவ்வேறு நிறுவனங்களின் பல எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓடவிடும். அங்கே ஒவ்வொன்றும் உண்மையிலேயே வேறு ஆய்வகத்தின் சரக்கு. ஐந்து என்றால் ஐந்து. என் கடைக்காரர்கள் கையில் இருந்தது அப்படிப்பட்ட ஐந்து அல்ல. இன்றைக்கு இது இன்னும் சிக்கல். அவாஸ்ட் 2016-ல் ஏவிஜியை வாங்கியது. நார்ட்டன் அவிராவை வாங்கி, 2022-ல் அவாஸ்டோடும் இணைந்தது. நாலு பெயரும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கூரைக்குக் கீழ். 2024-ல் அமெரிக்க அரசு கேஸ்பர்ஸ்கியைத் தடை செய்தபோது, அந்தப் பெயரில் விற்பதை மட்டுமல்ல, வேறு பொருளுக்குள் வைத்து வேறு பெயரில் விற்பதையும் சேர்த்தே தடுத்தது. பெட்டியின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்தால் போதாது என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

ஆயிரத்து நூறு ரூபாய்

இப்போது அந்த இரண்டு பெயர்கள். 2015-ல் அண்ணன் கடைக் கணினியில் பென் டிரைவ் வழியாக ஒரு வைரஸ் வந்தது, ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றுமே, அது. சுத்தம் செய்துவிட்டு அவரிடம் சொன்னேன்: "இந்த ஆன்டிவைரஸ் சரியில்லண்ணே, இதனாலதான் உள்ள வந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு போடலாம்." 1,100 ரூபாய். அதில் எனக்கு 300. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். இரண்டின் எஞ்சினும் ஒன்றுதான் என்பது சோதனை ஆய்வகங்களின் அறிக்கையில் ஓர் ஓரத்தில் அச்சாகியிருந்தது, அப்போதும். நான் மதிப்பெண் அட்டவணையை மட்டும் பார்த்தவன். அவரிடம் மட்டுமா சொன்னேன்? அந்த இரண்டு வருடத்தில் குறைந்தது பத்துக் கடைகளில் அதே வசனத்தைப் பேசியிருப்பேன்.

பில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள், பராமரிப்புக் கட்டணம் வாங்கப் போனபோது அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம், அவர் கேட்டிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னிக்கு நான் பெயிண்ட் மாத்துறதுக்கா ஆயிரத்து நூறு குடுத்தேன்?"

கட்டணத்தில் அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். முன்னூறைத்தான் கழித்தார். மீதி உனக்கு வரலையே என்றார்.

அடுத்த வருடம் உரிமம் முடிகிற நேரத்தில் அவரே போன் செய்தார். "இந்த வருஷம் என்ன கலர் தம்பி?" ஒன்றும் வேண்டாம்ணே, விண்டோஸ்லயே ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி வச்சா போதும் என்றேன். மைக்ரோசாஃப்டே சொந்தமா பண்றதா என்று கேட்டார். இப்போ சொந்தமாத்தான் பண்றாங்க, ஆனா ஆரம்பத்துல அவுங்களும் ருமேனியாலேர்ந்துதான் வாங்கினாங்க என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எந்த ஊருய்யா அது, எல்லா இஞ்சினும் அங்கேர்ந்தே வருது? ஒரு நா போய் பாத்துட்டு வந்துடணும்."